நண்பர் வீட்டு வாசல்வரை போகும் வேன்: ஹையேஸில் கணவன் மனைவி பயணம்

முகாம் வேன் செய்து தரும் பட்டறைக்குப் போனால் முதலில் காட்டுவது தொலைக்காட்சி, மைக்ரோவேவ் அடுப்பு, நிறம் மாறும் விளக்குகள். ஓய்வுபெற்ற தம்பதி இவற்றில் எதற்கும் பணம் கொடுக்க வேண்டாம் என்பேன். இந்த வயதில் பயணம் போவது, வேலை நாட்களில் பார்க்க முடியாமல் போன ஆற்றையும் காட்டையும் பார்க்க; பார்க்காமல் விட்டுப்போன மனிதர்களைப் பார்க்க. அப்படியென்றால் வேனைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. பழைய சிநேகிதி வீட்டு வாசல்வரை போகுமா? ஆற்றங்கரையோரம் சத்தமும் வெளிச்சமும் இல்லாமல் ஓர் இரவு நிற்குமா?

காஜாங்கில் எங்கள் வாசலில் நிற்பது பழைய தொயோத்தா ஹையேஸ். 2.5 லிட்டர் டீசல் எஞ்சின், ஐந்து கியர், கையால் மாற்றுவது. சரக்கு வேனாக ஓடியதை வாங்கி, பட்டறையில் கொடுத்துப் படுக்கை, அலமாரி, மின்கலம் எல்லாம் பொருத்தினோம். நீளம் 4,695 மில்லிமீட்டர், அகலம் 1,695, உயரம் 1,980. நீளத்தில் இது கேம்ரி காரைவிடக் குறைவு. எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் உட்கார்ந்திருப்பதால் வண்டிக்கு மூக்கு கிடையாது. அந்த நீளம் பெரும்பாலும் உள்ளே இடமாகிவிடுகிறது. சாதாரண டி உரிமம் இருந்தால் ஓட்டலாம். டோலிலும் காருக்கு உள்ள முதல் வகுப்புக் கட்டணம்தான். லோரி மேல் கட்டிய பெரிய மோட்டார் வீடுகளில் பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் இரண்டாம் வகுப்பாகிவிடும். அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

பெரிய வண்டி வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் டிங்கில். புத்ராஜெயா கட்டுவதற்காகப் பிராங் பெசார், செட்ஜ்லி, கேலவே, மேடிங்லி என்ற நான்கு தோட்டங்களின் மக்களை அங்கே தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றினார்கள். எங்களுக்கு வேண்டியவர்கள் சிலர் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களில் என் சிநேகிதியின் வீடு சின்னது. முன்பெல்லாம் நாங்கள் ராத்தங்கினால் கட்டிலை எங்களுக்கு விட்டுவிட்டு அவர்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். முட்டி வலியோடு அவள் தரையிலிருந்து எழுந்திருப்பதைப் பார்த்த பிறகு எனக்குத் தங்கவே மனம் வரவில்லை. பகலில் போய்ப் பகலிலேயே திரும்பிவிடுவோம். நல்ல பேச்சு தொடங்குவதோ சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி வைத்த பிறகு.

இப்போது வேன் கீழே நிறுத்துமிடத்தில் ஒரு காருக்குரிய கோட்டுக்குள் நிற்கும். “ஏண்டி, வீட்ல எடமில்லன்னா கீழ போய்ப் படுக்குற?” என்று முதல்முறை கோபித்துக்கொண்டவள், அடுத்த முறை தலையணையோடு தானே கீழே இறங்கி வந்தாள். பக்கக் கதவைத் தள்ளித் திறந்து வைத்து, படுக்கை விளிம்பில் மூன்று பேர் உட்கார்ந்து நடுநிசிவரை தோட்டத்துக் கதை பேசினோம். காலையில் மேலே போய்க் குளித்துப் பசியாறிவிட்டுக் கிளம்பினோம். யாரும் யாருக்கும் பாரமில்லை. என் கணக்கில் இந்த வண்டியின் மிகப் பெரிய வசதி இதுதான். எந்த விலைப்பட்டியலிலும் இதற்கு ஓர் இடம் கிடையாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. சேலை கட்டுவது நடக்காத காரியம், சுரிதாரைக்கூட உட்கார்ந்தபடிதான் மாற்ற வேண்டும். அகலம் போதாததால் குறுக்கே படுக்க முடியாது. படுக்கையை நீளவாக்கில்தான் போடச் சொல்ல வேண்டும். பக்கக் கதவின் படி உயரம். அறுபதைத் தாண்டியவர்கள் இழுத்து விரிக்கும் துணைப் படி ஒன்றும் கதவோரம் ஓர் உறுதியான கைப்பிடியும் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். மற்ற அலங்காரங்களை எல்லாம் விட்டாலும் இந்த இரண்டை விடாதீர்கள். கூரையில் காற்றாடியும் சூரியத் தகடும் ஏறியதும் மொத்த உயரம் இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். பேரங்காடி, மருத்துவமனை போன்ற இடங்களின் கூரையுள்ள நிறுத்துமிடங்களில் நுழைவதற்கு முன் தொங்கும் கம்பியில் எழுதியிருப்பதைப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

இனி வெப்பம். ஐரோப்பியப் படங்களில் வருகிற மாதிரி இங்கே போர்வைக்குள் சுருண்டு தூங்க முடியாது. குளிரூட்டி வேண்டும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட்டில் ஓடும் கூரைக் குளிரூட்டி சராசரியாக 500 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 100 ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலத்தில் இருக்கும் ஏறக்குறைய 1,280 வாட்-மணி இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். விடியும்வரை ஓட வேண்டுமானால் அதைப்போல் மூன்று மடங்கு மின்கலம் தேவை. அதை மறுநாள் நிரப்ப 200 வாட் சூரியத் தகடு போதாது; நம்மூர் வெயிலில், மேகமும் மழையும் போக, நல்ல நாளில் அது 700, 800 வாட்-மணி கொடுத்தால் அதிகம். எஞ்சினை ஓடவிட்டுக் குளிரூட்டியில் தூங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நின்ற வண்டிக்குள் புகை புகுந்து தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது.

நாங்கள் குளிரூட்டியை விட்டுவிட்டு, கூரையில் காற்றை வெளியே இழுக்கும் காற்றாடி ஒன்றும் சன்னல்களுக்குக் கொசுவலையும் போட்டோம். இரவு முழுவதும் ஓடினாலும் காற்றாடிக்கு ஏறக்குறைய 150 வாட்-மணிதான். குளிர்பெட்டிதான் நாளுக்கு 500, 600 என்று அதிகம் சாப்பிடுகிறது. ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து 30 ஆம்பியரில் நிரப்பும் கருவி ஒன்று இருந்தால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் கிட்டத்தட்ட 750 வாட்-மணி திரும்ப ஏறிவிடும். மழை நாளில் இதுதான் காப்பாற்றுகிறது. ஆற்றோரத்தில் நள்ளிரவுக்கு மேல் நல்ல காற்று வரும். தாமான் நிறுத்துமிடத்தின் சிமெண்டுத் தரையில் வெக்கை விடியும்வரை இறங்காது, அங்கே வேர்க்கத்தான் செய்கிறது. இதை மறைக்க மாட்டேன்.

சத்தம், வெளிச்சம் என்று தொடக்கத்தில் சொன்னேன். அதைச் சோதிக்கச் சரியான இடம் கோலசிலாங்கூர். புக்கிட் ரோத்தான் பக்கம் என்னோடு படித்த சிநேகிதியின் வீட்டு வளாகத்தில் வண்டியைப் போட்டுவிட்டு, காலையில் புக்கிட் மெலாவாத்தி மேல் ஏறினால் வெள்ளி முடி கொண்ட லோத்தோங் குரங்குகளைப் பார்க்கலாம். தாய் சாம்பல் நிறம், மடியில் இருக்கும் குட்டி பளிச்சென்ற ஆரஞ்சு. சில மாதங்களில் அதுவும் சாம்பலாகிவிடும். மலையடியில் மலேசிய இயற்கைக் கழகத்தின் உழைப்பில் உருவான இயற்கைப் பூங்கா. அலையாத்திக் காட்டுக்குள் போகும் பாதையில் சேற்றில் துள்ளும் மீன்களையும் உடும்பையும் பார்த்தபடி நடக்கலாம். நீர்நாய்க் குடும்பம் கண்ணில் பட வேண்டுமானால் பொறுமை வேண்டும். செம்பருந்துக்கு அது தேவையில்லை, தலைக்கு மேலேயே வட்டமடிக்கும்.

இருட்டியதும் கம்போங் குவாந்தான். சிலாங்கூர் ஆற்றின் ஓரம் பெரெம்பாங் மரங்களில் மின்மினிப் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் அமர்ந்து ஒரே தாளத்தில் மின்னும். ஆண் பூச்சிகள் பெண்ணை அழைக்க அனுப்பும் சைகை அது. அதனால்தான் அங்கே மோட்டார் இல்லாத, துடுப்பு போடும் சம்பான்கள். படம் எடுக்கும் பளிச்சொளிக்கும் தடை. பூச்சி மரத்தில் மின்னினாலும் அதன் புழு வளர்வது கரையோர ஈர மண்ணில், சின்ன நத்தைகளைத் தின்று. மரத்தை மட்டும் காத்தால் போதாது. கரையையும் இருட்டையும் காக்க வேண்டும். வாகனத்தில் வருகிற நாம் அந்த இருட்டைக் கெடுக்கக் கூடாது என்பதில் எனக்குத் துளியும் சமரசம் இல்லை.

இந்த அளவுகோலில் பட்டறை செய்து கொடுத்த வேலை முதலில் தேறவில்லை. பக்கக் கதவைத் திறந்தாலே உள்விளக்கு, படி விளக்கு, வெளிப்பந்தலின் நீல விளக்கு எல்லாம் தானாக எரிந்தன. எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் அணைக்கும்படி மாற்றச் சொன்னோம். இன்னொன்று இன்வெர்ட்டர். அதைப் படுக்கைக்கு அடியில் பொருத்தியிருந்தார்கள். அதன் சின்ன விசிறி இரவெல்லாம் இரைந்துகொண்டே இருந்தது. வீட்டுக்காரர் குளிர்பெட்டி, காற்றாடி, கைப்பேசி நிரப்பி மூன்றையும் நேராக 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டார். இப்போது படுக்கப் போகும்போது இன்வெர்ட்டரை அணைத்துவிடுகிறோம். ஆந்தையின் குரலும் தவளைச் சத்தமும் இப்போது சன்னல் வழியே தெளிவாகக் கேட்கின்றன. பட்டறையில் வண்டியை எடுக்கும்போதே, பகலில் இல்லாமல் இரவில், எஞ்சினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் உள்ளே படுத்துப் பாருங்கள்.

காஜாங்கிலிருந்து பக்கத்திலேயே ஆறு வேண்டுமென்றால் உலுலங்காட் போகலாம்: சுங்கை தெக்காலா, சுங்கை சொங்காக். இரண்டும் அழகு, ஆனால் மேலே மலையில் மழை பெய்தால் வெயில் அடிக்கும் இடத்திலும் திடீரென்று வெள்ளம் பாய்ந்து வரும். கெப்பாலா ஆயேர் என்று எல்லாருக்கும் தெரிந்ததுதான், இருந்தும் உயிர்கள் போகின்றன. வண்டியை மேட்டில், வெளியேறும் பக்கம் பார்த்து நிறுத்துங்கள். தண்ணீர் கலங்கினாலோ சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு ஏறிவிட வேண்டும். குரங்குகள் உண்டு, சாப்பாட்டை வெளியே வைக்கக் கூடாது. பாத்திரம் கழுவிய நீரை ஆற்றில் ஊற்றவே கூடாது. நாங்கள் ஒரு தொட்டியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றுகிறோம்.

எண்ணெய்ச் செலவு பற்றிச் சுருக்கமாக. 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியது. லிட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அந்த ஏற்றம் கையைக் கடித்தது. பெட்ரோலில் ஓடும் நிசான் என்வி200 வேன்களிலும் இதே போல் படுக்கை கட்டித் தருகிறார்கள். இருவர் மட்டும் போவதாக இருந்து, சமையல் வெளியே வைத்துக்கொள்ளச் சம்மதம் என்றால் அதையும் பாருங்கள். எனக்கு ஹையேஸின் நீளப் படுக்கைதான் வேண்டும், சிநேகிதி வந்து உட்கார இடம் வேண்டுமே.

பணம் கொடுப்பதற்கு முன் ஒன்று. இருக்கைகளை எடுத்துப் படுக்கை கட்டுவது வண்டியின் அமைப்பையே மாற்றுவது. சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலையும் சோதனையையும் பட்டறையே முடித்துத் தருமா என்று எழுத்தில் வாங்குங்கள். பதிவு ஆவணத்தில் மாற்றம் ஏறிய பிறகு அதே விவரத்தோடு காப்புறுதி நிறுவனத்திடம் பேசுங்கள். அந்தத் தாள்கள் கைக்கு வரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.