கோவைச் சீமையில் பிறந்தோர்

மாகாண நகரமொன்றின் பெருமையைச் சொல்லப் புகுந்தவர்கள், அங்கே பிறந்து பிரசித்தியடைந்தவர்களின் நாமாவளியை முதலில் எடுத்து வைப்பது தேசந்தோறும் காணப்படும் வழக்கம். ருஷ்யாவின் வொரோனெஜ் நகரத்தார் இவான் பூனினையும் ஆந்திரேய் பிளாத்தோனவையும் ஒரே மூச்சில் தம்மவர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். 1870-இல் அங்கே பிறந்த பூனின், நினைவு தெளியும் முன்னரே பெற்றோருடன் அவ்வூரை விட்டு நீங்கியவர். 1933-இல் நோபெல் பரிசு அவரைத் தேடிச் சென்றபோது பிரான்ஸில் வாழ்ந்துகொண்டிருந்தார். பிளாத்தோனவோ, 1899-இல் அதே நகரத்தின் புறத்தே ஒரு ரயில்வேத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, எழுத்தாளரென்று உலகம் அறிவதற்கு முன், அந்த மாகாணத்து வறண்ட கிராமங்களில் குளமும் கிணறும் வெட்டுவிப்பதையும் சிறு மின்சார நிலையங்களை எழுப்புவதையும் உத்தியோகமாகக் கொண்டு சில ஆண்டுகள் அலைந்தவர். பட்டியலில் இருவருக்கும் சம ஆசனம். ஊருக்கும் அவர்களுக்கும் உள்ள பந்தத்திலோ வெகு தூரம்.

கொங்குநாட்டுப் பட்டியலை விரித்தாலும் இதே பேதம் முதல் ஏட்டிலேயே எதிர்ப்படுகிறது. கணிதமேதை இராமானுஜன் 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால், தாய்வீட்டில் பிரசவம் என்னும் நம் குடும்ப வழக்கத்தைத் தவிர அவரை ஈரோட்டோடு பிணைக்க வேறு கயிறு இல்லை. தந்தையார் குமாஸ்தாவாக இருந்த கும்பகோணமே அவர் வளர்ந்து கற்ற ஊர். அதே ஈரோட்டில் எட்டு ஆண்டுகளுக்கு முன் பிறந்த பெரியார் ஈ. வெ. ராமசாமியோ, அவ்வூர் மண்டிக்கடை வியாபாரத்திலும் நகரசபைத் தலைமையிலும் பழுத்து, பின்னரே நாட்டுக்கு உரியவரானார். ஆகையால், பிறந்த இடத்தை மட்டும் நாடாமல், இப்பிரதேசத்தின் முத்திரை ஒருவருடைய காரியத்தில் எவ்வளவு பதிந்திருக்கிறது என்று பார்ப்பதே பயன்தரும் ஆராய்ச்சி என்பது என் அபிப்பிராயம்.

அம்முத்திரை யாது? கோவையை அடுத்த மதுக்கரையில் நின்று மேற்கே நோக்கினால் பாலக்காட்டுக் கணவாயின் வாயும் கிழக்கே நோக்கினால் வானம் பார்த்த மேட்டுநிலமும் தெரியும். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மலைகள் அப்புறத்திலேயே வாங்கிக்கொள்ள, இப்புறம் காற்று மட்டும் தாராளமாக வந்து சேருகிறது. காவிரிப் படுகையைப் போல் வாய்க்கால் நீரை நம்பியிருக்க இயலாத குடியானவன், கெட்டிப் பாறையை உடைத்து ஆழக் கிணறு தோண்டி, எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்து, ஒவ்வொரு சால் நீரையும் உழைத்தே பெறவேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கம்போடியாப் பருத்தி அந்தக் கிணற்றுத் தோட்டங்களில் பரவியது. 1888-இலேயே ஸ்டேன்ஸ் துரை தொடங்கிவைத்த நூற்பாலைத் தொழில், 1930களில் பைக்காராவின் நீர்மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கியதும் பல்கிப் பெருகியது. மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லை நம்பிச் சிமெண்டு ஆலை எழுந்ததும் அந்தப் பத்தாண்டிலேதான். கோவையில் பிறந்த பிரமுகர்கள் என்று நாம் பெருமை பேசுகிறவர்களுள் பெரும்பாலோர் நகரத்தில் பிறக்கவே இல்லை. கலங்கல், செங்குட்டைப்பாளையம், மஞ்சக்காட்டுவலசு என்று தேசப்படத்தில் தேடிப்பிடிக்க வேண்டிய கிணற்றுப் பாசனக் கிராமங்களே அவர்களை ஈன்றன. நகரம் அவர்களுக்குச் சந்தையாகவும் பள்ளியாகவும் பட்டறையாகவும் அமைந்தது.

இவர்களில் கோ. துரைசாமி நாயுடுவிடம் சற்று அதிக நேரம் தங்குவது நியாயமே. சூலூரை அடுத்த கலங்கலில் 1893 மார்ச் 23-இல் பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளிப்படிப்பில் நாட்டம் கொள்ளாதவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மோகித்து, கோவை ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அந்த வண்டியையே வாங்கிப் பிரித்துப் பூட்டிப் பார்த்தவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே ஒற்றைப் பஸ்ஸுடன் தொடங்கிய அவருடைய போக்குவரத்து ஸ்தாபனம், காலந்தவறாமையைப் பிரயாணிகளுக்குக் கற்பித்த பள்ளிக்கூடமாகவும் விளங்கியது. சவரக்கத்தி முதலிய அவருடைய நூதன சிருஷ்டிகளைப் பற்றி வியந்து எழுதுவோர் பலர். என் மதிப்பில், பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து 1937-இல் அவர் உருவாக்கிய மின்சார மோட்டாரே அவற்றுள் தலையாயது. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்ற கீர்த்தி அதற்கு உண்டு என்பதோடு, பைக்காரா மின்சாரத்தையும் கொங்குநாட்டுக் கிணற்றையும் இணைக்கும் யந்திரம் இங்கேயே பிறந்தது என்பதே விசேஷம். கவலை இறைத்த எருதுகளின் உழைப்பை நேரில் கண்ட கிராமத்தான் ஒருவனுக்கு மோட்டாரின் பிரயோஜனத்தை யாரும் விளக்கவேண்டியிருந்திராது. இன்று இந்தியாவெங்கும் போகும் கோவைப் பம்புசெட்டுகளுக்கு மூலம் இங்கே இருக்கிறது. தொழிற்கல்வியிலும் அவர் கைவைத்தார். 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் அமைந்த தொழிற்கல்லூரிக்கு அவரே தூண்டுகோல். படிக்க மறுத்த பிள்ளை கல்லூரி ஏற்படுத்தியதைக் கேட்டுப் புன்னகைக்காதவர் யார்?

நகரத்திலேயே பிறந்தவர்கள் என்று எடுத்தால் ஆர். கே. சண்முகம் செட்டியாருக்கு முதலிடம். 1892-இல் பிறந்து, மத்திய சட்டசபையின் தலைவராகவும், கொச்சி சமஸ்தானத்தின் திவானாகவும், 1944-இல் பிரெட்டன் வுட்ஸ் மகாநாட்டின் இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவராகவும் இருந்த அவர், சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராகி, 1947 நவம்பர் 26-இல் முதல் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். அது ஏழரை மாதத்துக்கு மட்டுமேயான திட்டம். காங்கிரஸ்காரர் அல்லாத ஒருவரை அப்பதவிக்கு அழைத்தார்கள் என்றால், அந்நாளில் நிதி சாஸ்திரத்தில் அவருக்கிருந்த பெயர் அத்தகையது. இவ்வளவு அலுவல்களுக்கிடையே சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதவும், தமிழிசை இயக்கத்தில் முன்னிற்கவும் அவருக்கு அவகாசம் இருந்தது.

பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் 1910-இல் பிறந்த சி. சுப்பிரமணியத்தைப் பற்றி விரித்தெழுதத் தேவையில்லை. அவர் உணவமைச்சராக இருந்தபோது 1966-இல் 18,000 டன் மெக்ஸிகோக் கோதுமை விதை இறக்குமதியானதும், டில்லி வீட்டுத் தோட்டத்தில் அந்தப் பயிரை அவர் தாமே வளர்த்துக் காட்டியதும் யாவரும் அறிந்தவை. திருப்பூரில் 1903-இல் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் காரியமோ அவ்வளவு பேசப்படாதது. 1930-இல் இராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவிய அவர், சென்னை மாகாணக் கல்வியமைச்சராயிருந்த காலத்தில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்து, பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்துக்கு வித்திட்டார். அதன் பிரதம ஆசிரியராக அமர்ந்தவர், 1908-இல் மஞ்சக்காட்டுவலசில் பிறந்து, கீர்த்தனங்கள் இயற்றிச் சங்கீத உலகிலும் இடம்பெற்ற பெ. தூரன். தமிழில் நவீன கலைக்களஞ்சியம் என்ற பெருவேலை இரண்டு கொங்குநாட்டாரின் உழைப்பால் நிறைவேறியது என்பது, இப்பகுதியார் வியாபாரத்திலன்றி வேறெதிலும் கருத்திலாதவர் என்ற பழிச்சொல்லுக்குப் போதிய மறுமொழி. பேசும் படம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து சினிமாக் கருவிகளை வாங்கிக் கூடாரம் கூடாரமாகக் காட்டித் திரிந்து, பின்னர் 1914-இல் வெரைட்டி ஹாலைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்டும் கோவைக்காரரே.

இனி, பட்டியல்கள் தள்ளிவிடும் மனிதர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1908-இல் கோவைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டுச் செக்கிழுத்தார். தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் ஒட்டுச் சேர்க்கை ஆராய்ச்சிகளைச் செய்தார். ஜனனப் பதிவேட்டில் இடமில்லை என்பதற்காக இவர்களை நீக்கிவிட்டு, தாய்வீட்டுத் தொட்டிலை மட்டும் கொண்டு இராமானுஜனைச் சேர்த்துக்கொள்வது விசித்திரமான கணக்கு. ஆலைத் தொழிலாளருள் பட்டியலில் ஏறியவர்கள் சின்னியம்பாளையத்தார் நால்வர். 1946 ஜனவரி 8-இல் தூக்கிலிடப்பட்டதால் இராமையன், வெங்கடாசலம், சின்னையன், இரங்கண்ணன் என்ற பெயர்கள் நிலைத்தன. மதுக்கரையில் கல்லுடைத்தவர்களுக்கு அத்தகைய துர்ப்பாக்கியம் நேராமையால் பெயரும் நேரவில்லை.

பெண்களின் பகுதி இதைவிட வெறுமை. ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் வெளியிட்ட ‘நாகம்மாள்’ நாவலில், நிலத்தில் தன் பங்கைக் கேட்டு நிற்கும் விதவைக் குடியானவப் பெண் ஒருத்தி கதாநாயகியானாள். அந்தக் காலத்துப் பிரமுகர் ஏடுகளிலோ அவளைப் போன்றோருக்கு ஒரு வரியும் கிடையாது. சமீப காலத்தில் இக்குறை வேறொரு பக்கத்திலிருந்து சிறிது ஈடுசெய்யப்பட்டிருக்கிறது. கோவையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, இளம்வயதிலேயே பள்ளியை விட்டுப் பட்டறை வேலைக்குப் போன அருணாசலம் முருகானந்தம், மாதவிடாய்ப் பஞ்சுப்பட்டையைக் குறைந்த செலவில் செய்யும் சிறு யந்திரத்தை உருவாக்கி, 2016-இல் பத்மஸ்ரீ பெற்றார். பெரிய கம்பெனி எதற்கும் அதை விற்காமல், பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் தாமே வாங்கி ஓட்டும்படி அவர் வழங்கி வந்தார். ஆகவே கோவைப் பட்டறையில் பிறந்த அந்த யந்திரத்தை வட இந்தியக் கிராமங்கள் பலவற்றில் பெண்கள் இன்று தம் கையாலேயே இயக்குகிறார்கள்.