தனியனும் அவனை வியந்தோரும்

இலங்கைக் காடுகளில் ஓநாய் இல்லை. நாயினத்து வனவிலங்கென இங்கு வாழ்வது நரி ஒன்றே. எனினும், தனித்துத் திரியும் ஓநாயை வியந்து எழுந்த எழுத்தினை மதிப்பிட வரிப்பத்தான்சேனை போன்றதோர் ஊரின் வயல்வெளி மிகப் பொருத்தமான இடமாகும். அங்கு அந்த ஓநாயின் இடத்தில் நிற்பது யானை. கூட்டத்தோடு சேராது இரவில் வட்டைக்குள் இறங்கும் ஆண்யானையைக் கிழக்கிலங்கை மக்கள் ‘தனியன்’ என்பர். வைணவர் வழக்கில் இச்சொல் ஆசிரியரைப் போற்றும் தனிச்செய்யுளைக் குறிக்கும். வயற்காவலில் இருப்பவன் செவிக்கோ இதன் பொருள் முற்றிலும் வேறு.

ஓநாயை வியந்த எழுத்துக்களுள் தலையாயது ஏணஸ்ட் தொம்சன் சீற்றன் எழுதிய ‘லோபோ’ என்னும் கதையாகும். 1894இல் வெளிவந்த இது, 1898இல் அவரது நூலொன்றிலும் இடம்பெற்றது. நியூ மெக்சிக்கோவின் கறம்போப் பகுதியில் மாட்டுமந்தைகளை அழித்துவந்த ஓநாயின் தலைக்கு ஆயிரம் டொலர் விலை வைக்கப்பட்டிருந்தது. நஞ்சுக்கும் பொறிக்கும் தப்பிய அதனைச் சீற்றன் அதன் துணையைக் கொண்டே வீழ்த்தினார். துணையைக் கொன்று, அதன் மணத்தாலும் கால்தடத்தாலும் வழியமைத்துப் பொறிகளை வைத்தார். 1894 சனவரி இறுதியில் அகப்பட்ட லோபோ விரைவில் இறந்தது.

கதையின் ஆற்றல் மறுக்கவியலாதது. கொன்றவனே இரங்கற்பா பாடும் முரண், வாசகனை இன்றும் கலங்கச் செய்கின்றது. ஆயினும் ஈண்டு இரண்டு கேள்விகள் எழுகின்றன. லோபோ உண்மையில் தனியனன்று. சிறு கூட்டமொன்றின் தலைவன், துணையை உடையவன். அதனைத் தனிமைப்படுத்தியவை பொறியும், அதன்பின் எழுந்த புகழுரையுமே. அடுத்து, மாட்டை இழந்தவர்கள் கதையின் வாயிலில் நின்று தொகை கூறிவிட்டு மறைந்துவிடுகின்றனர். வியப்பு முழுமையும், விலங்கு இனித் தீங்கு செய்யாது என்ற நிலை வந்தபின்னரே பெருக்கெடுக்கின்றது. இறந்த பகைவனை மதிப்பது எளிது.

இதனைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டோடு ஒப்புநோக்குதல் தகும். அங்கும் ஒரு களிறு வருகின்றது. தினைப்புனம் காப்போர் கணைதொடுத்தும் சீழ்க்கையொலி எழுப்பியும் துரத்த, சினம் மிகுந்து இடியென முழங்கி வருகின்றது. அதன் பெருமிதத்தைக் கபிலர் குறைத்துரைக்கவில்லை, புனங்காவலனையும் அழித்துவிடவில்லை. அதன் சினத்துக்குக் காரணம் காவலே என்பதும், அதனால் நடுங்குவோர் தினை காக்க வந்த பெண்களே என்பதும் ஒரே காட்சியில் அமைகின்றன. வியப்பும் அச்சமும் ஒரே பரணிலிருந்து பிறக்கின்றன. சீற்றனிடம் இல்லாதது இதுவே.

இலங்கையில் இவ்வியப்பு வேறொரு வடிவங் கொண்டது. தந்தங்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டு நின்றமையால் ‘தளபூட்டுவா’ எனச் சிங்களத்தில் பெயர்பெற்ற கல்கமுவக் கொம்பன் 2017இல் கொல்லப்பட்டபோது, நாடெங்கும் இரங்கலுரைகள் எழுந்தன. அவற்றின் நேர்மை ஐயத்துக்குரியதன்று. ஆயின் அவற்றுட் பல லோபோவின் கதை நடந்த பாதையிலேயே நடந்தன: அரசன், வீரன், தனித்தவன் என்ற அடைமொழிகள், அவன் உலவிய நிலத்திற் பயிர்செய்தோர் பற்றிய மௌனம்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டிலிருந்த 5,879 யானைகளுள் கொம்பன்கள் 122 மட்டுமே. எஞ்சிய ஆண்யானைகள் கொம்பில்லாதவை. பருவமெய்திய ஆண்யானை தாய்க்கூட்டத்தை விட்டு நீங்குவது இயற்கை; தனிமை அதற்குத் துயரமுமன்று, வீரமுமன்று. அதனைக் காவியமாக்க வியப்போருக்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. அவர்கள் தேர்ந்தது தந்தம். திருட்டு வேட்டைக்காரன் தேர்ந்ததும் அதுவே என்பது கசப்பான ஒற்றுமை.

அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் முந்நூற்றுக்கு மேற்பட்ட யானைகளும் ஆண்டுதோறும் இம்மோதலில் மடிகின்றனர். துப்பாக்கிச் சூட்டிலும், தீனிக்குள் மறைத்த வெடியாலும், சட்டவிரோத மின்கம்பியாலும் சாகும் யானைகளுட் பெரும்பாலானவற்றுக்குப் பெயரில்லை, இரங்கலுரையும் இல்லை. கொம்பில்லாத பெரிய ஆணை ‘அலியன்’ என வேறுபிரித்துச் சுட்டும் சொல்லைப் பேச்சுத்தமிழில் வைத்திருப்பவர்கள், வெடியும் விளக்குமாக வாடியில் விழித்திருக்கும் வேளாளரும் முல்லைக்காரருமே.