விளக்குமாறும் உரைநடையும்

விளக்குமாற்றுக்கு நம் இலக்கியத்தில் இரண்டு ஸ்தானங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று பக்தி, மற்றது அவமானம். வேலை என்ற மூன்றாவது ஸ்தானம் பெரும்பாலும் காலியாகக் கிடக்கிறது என்பதே என் புகார்.

திருவதிகைக் கோயிலைத் திலகவதியார் பெருக்கி மெழுகியதைப் பெரிய புராணம் சொல்கிறது. அவர் தம்பி திருநாவுக்கரசர் கையில் உழவாரப்படை. பிராகாரத்துப் புல்லைச் செதுக்குகிற அந்தக் கருவியை வைத்துத்தான் இன்றும் சிலைகளில் அவரை அடையாளம் காண்கிறோம். ஆனால் மரியாதை அதைப் பிடித்த கைக்குத்தான். கூலிக்குப் பிடித்த கை பாட்டுக்குள் வரவில்லை. சோழர் கல்வெட்டுகள் இதில் இன்னும் நேர்மையானவை. திருவலகுக்கும் திருமெழுக்குக்கும் அவை நிவந்தம் எழுதிவைத்தன. பழுதுபார்க்க விட்ட நிலத்தைப் 'புதுக்குப்புறம்' என்றன. கட்டடம் தானாக நிற்பதில்லை என்பது கணக்கனுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்தது அவமானம். தகழியின் 'தோட்டியின் மகன்' (1947) சுந்தர ராமசாமியின் தமிழில் நம்மில் பலரை உலுக்கிய நாவல். மூன்று தலைமுறைக் கதை. மகன் தோட்டியாகக் கூடாது என்ற தகப்பனின் வெறிதான் அதை நகர்த்துகிறது. விளைவு, வாசகனின் கண் வாளியை விட்டு மகன்மேல் போய்விடுகிறது. இதைத் தகழியின் குறையாக நான் சொல்லவில்லை. உருவத்தின் சிக்கல் இது. கதைக்குச் சம்பவம் வேண்டும். சுத்தம் செய்வதோ ஒழுங்காகச் செய்தால் சுவடே இல்லாமல் போகிற காரியம். மறுநாள் திரும்பவும் செய்ய வேண்டும்.

எங்கள் ஊருக்குத் தெற்கே கங்கைகொண்ட சோழபுரம். அதன் மதில் கற்களை 1836இல் கீழணை கட்டப் பெயர்த்துக்கொண்டு போனதை எல்லோரும் சொல்வார்கள். அது சம்பவம். கல் இடுக்கில் விழுந்த ஆலம்விதை இரண்டு இலை விடும்போதே பிடுங்கி எறிய இரண்டு விரல் போதும். விட்டுவைத்தால் வேர் கல்லைப் பெயர்க்கும். ராஜேந்திரன் கட்டியதைப் பற்றி எழுதியவர்களுக்கு, பிடுங்கியவர்களைப் பற்றி எழுதத் தோன்றவில்லை.

மலர்வதியின் 'தூப்புக்காரி' (2012) இந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்கிறது. குமரி மாவட்டத்து வாய்மொழியில் புழங்கும் வேலைப் பெயரே தலைப்பு. கண்ணீர் முந்திக்கொள்ளும் இடங்கள் அதிலும் உண்டு. ஆனாலும் அழுகிறவள் எதைத் துடைக்கிறாள் என்பது தெரிகிறது.

சாதியை விட்டுவிட்டு வேலையைப் பார் என்கிறேனா? இல்லை. 2013இல் சட்டம் வந்த பிறகும் குழியில் இறங்கிச் சாகிறார்கள். எந்தத் தரையை, யார், எத்தனை மணி நேரம் என்ற விவரங்களில்தான் சாதி குடியிருக்கிறது. இரக்கம் இந்த விவரங்களை அழிக்கும்போது சாதியும் தப்பித்துக்கொள்கிறது.

நான் வங்கிக் குமாஸ்தா. பகுதிநேர ஊழியருக்கு எங்கள் ஊதிய ஒப்பந்தத்தில் ஒரு பின்னக் கணக்கு உண்டு. வாரத்துக்கு 6 முதல் 13 மணி வரை வேலை என்றால் மூன்றில் ஒரு பங்குச் சம்பளம். 19 வரை பாதி. 29 வரை முக்கால். அதற்கு மேல் முழுசு. நான் பத்து மணிக்கு வரும்போது தரை காய்ந்திருக்கும், பெருக்குகிற அம்மாள் போயிருப்பார். இருந்தும் முன்பு ஒரு கவிதையில் அவருடைய குனிந்த முதுகைப் பற்றி எழுதினேன். நான் பார்த்திராத முதுகு.

போன மாதம் தணிக்கைக்காக ஏழரைக்கே போக நேர்ந்தது. உள்ளறையில் ஆரம்பித்து வாசலை நோக்கிப் பின்வாங்கியபடியே பெருக்கினார். முந்திரிக்காட்டுச் செம்மண்ணில் முதலிலேயே தண்ணீர் பட்டால் குழம்பாகிவிடுமாம். அதனால் இரண்டு தரம் காய்ந்த பெருக்கல், அப்புறம்தான் ஈரத்துணி. "சார், காலைத் தூக்குங்க" என்றார். தூக்கினேன்.

என் கவிதையில் முதுகு இருந்தது. இந்த வரிசை இல்லை.