மோசக்காரன் இல்லாத கதை

பிரகாஷ் கோவெலமுடியின் ‘இஞ்சி இடுப்பழகி’ 2015 நவம்பரில் வந்தது. முதல் பாதியை ரசித்தே பார்த்தேன். அனுஷ்கா ஷெட்டி வெறும் வேஷம் கட்டவில்லை; நிஜமாகவே உடம்பைப் பெருக்கிக்கொண்டு நடித்தார். வரன் தட்டிப்போவதும், தாயாக வரும் ஊர்வசி பதறுவதும் மாம்பலத்தில் எந்த வீட்டிலும் நடப்பவை.

அப்புறம் கதை சுலபமான வழியைப் பிடித்துக்கொள்கிறது. எடை குறைக்கும் நிலையம் ஒன்று, நடத்துகிறவன் மோசக்காரன், அவன் மருந்தால் ஒரு பெண்ணின் சிறுநீரகம் கெடுகிறது. அவனை அம்பலப்படுத்தினால் படம் முடிந்துவிடும்.

மோசடியே இல்லாவிட்டால்? லைபோசக்‌ஷனையே எடுத்துக்கொள்வோம். 1970-களில் ஐரோப்பாவில் உருவான முறை. தோலுக்கடியில் குழாயைச் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். குடலைச் சூழ்ந்த கொழுப்பை அது தொடாது. உருவத்தைத் திருத்தவே தவிர எடையைக் குறைக்க அல்ல என்று யோக்கியமான டாக்டர் முதலிலேயே சொல்லிவிடுவார். சொன்ன பிறகும் மேஜையில் ஏறிப் படுக்கிறார்களே, அங்கேயல்லவா கதை இருக்கிறது!

‘பம்பரக் கண்ணாலே’யில் நடித்த ஆர்த்தி அகர்வால், இந்தச் சிகிச்சை செய்துகொண்ட சில வாரங்களில், அதே 2015 ஜூனில் அமெரிக்காவில் காலமானார். வயது 31. மரணத்துக்குச் சிகிச்சைதான் காரணமா என்பது வைத்தியர்கள் பேச வேண்டியது. அந்த வயதில் அது எதற்குத் தேவைப்பட்டது என்பது கதை எழுதுகிறவன் கேட்க வேண்டியது. படம் அதைக் கேட்கவில்லை.

தெலுங்கில் இதற்கு ‘சைஸ் ஜீரோ’ என்று கேலியாகவாவது பெயர் வைத்தார்கள். தமிழில் வைத்ததோ, 1992-இல் ‘தேவர் மகன்’ பாட்டு ஊரெங்கும் பரப்பிய இடுப்பு வர்ணனை.