சிங்கி அணிந்து வந்த நாடுகள்

குற்றாலத் தெருவில் சிங்கன் திகைத்து நிற்கிறான். ஊர் ஊராய்த் தேடிய மனைவி சிங்கி எதிரே வருகிறாள், உடம்பெல்லாம் ஏதேதோ மின்னுகிறது. காலில் விரியன் பாம்பா கடித்துக் கிடக்கிறது என்று பதறுகிறான். சேலத்தில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள். செத்த தவளையை ஏன் காலில் கட்டினாய் என்கிறான். அது குற்றாலர் சன்னிதிப் பெண்கள் தந்த கெச்சம். சுண்டு விரலில் சுருண்டிருக்கும் பூச்சி கண்டி தேசத்துப் பீலி என்னும் கால்விரல் அணி. மார்பில் இருப்பது கொப்புளம் இல்லை, காயல் ஊரார் போட்ட முத்தாரம். கழுத்தில் நெளிவது பாம்பு இல்லை, குட்டநாட்டாரும் காயங்குளத்தாரும் இட்ட சவடி.

திரிகூட ராசப்பக் கவிராயரின் ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’யில் அவை குலுங்கிச் சிரித்திருக்கக்கூடிய இடம் இதுதான். அந்தச் சிரிப்புக்குள் ஒரு நிலப்படம் விரிகிறது. மலையாளக் கரை, கொங்கு, பாண்டி, சோழம், கடலுக்கு அப்பால் கண்டி என்று தான் போய்வந்த நாடுகளையெல்லாம் சிங்கி மேனியில் அணிந்து வந்திருக்கிறாள். எங்கேயும் அவளை யாரும் வழிமறிக்கவில்லை. கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

‘யார் எந்த நாட்டவர்’ என்பதை நகைச்சுவையாக மேடையேற்றும் நாடகங்கள் இக்காலப் புதுவகையாகத் தோன்றலாம். தமிழில் அந்த மரபு பழையது. அதன் சிறந்த மாதிரி குற்றாலத்துச் சாரலில் பிறந்தது.

கவிராயர் தென்காசிக்கு அருகே உள்ள மேலகரத்துக்காரர். நாடகத்துக்காக மதுரை நாயக்கர் முத்து விஜயரங்க சொக்கநாதர் (ஆட்சி 1706–1732) அவருக்கு நிலம் அளித்தார். அந்த நிலம் ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர் பெற்றது. நாயக்கர் தெலுங்கு வழியினர். வடக்கிலிருந்து வந்த குடும்பத்து அரசர், அலைந்து திரியும் பெண்ணைப் பற்றிய தமிழ் நாடகத்துக்கு நிலம் கொடுக்கிறார். சிங்கிக்குக் கண்டி பீலி கொடுத்த கதையும் இதுவும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

குறத்தியான சிங்கி முதலில் மேடைக்கு வருவது நாடகத் தலைவி வசந்தவல்லிக்குக் குறி சொல்ல. உன் மலை எது என்று கேட்டதும் அவள் தரும் பதிலை நான் எத்தனை முறை படித்தாலும் நிமிர்ந்து உட்கார்கிறேன். கொல்லிமலை அவள் தங்கையுடையது. பழனி கணவனுக்குக் காணி. விந்தியம் தகப்பனுக்கு, இமயம் அண்ணனுக்கு, சாமிமலை மாமிக்கு. தனக்கென்று குற்றாலத்துத் திரிகூடமலை. இமயம் முதல் குமரி வரை அவளுக்கு உறவுமுறைதான் எல்லைக்கோடு. அதோடு விடவில்லை. கைவசம் இருந்த மலைகளையெல்லாம் சீதனமாகக் கொடுத்துவிட்டோம், இலஞ்சி முருகனுக்குப் பெண் கொடுத்ததும் எங்கள் குலமே என்கிறாள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இலஞ்சிக் குமாரரைக் கும்பிட்டுவிட்டு வருகிற பார்வையாளர்கள் அவள் கணக்கில் குறவர் வீட்டு மருமகனைக் கும்பிட்டு வந்தவர்கள். வந்தேறி என்று யாரைச் சொல்வது?

குற்றாலத்தில் விழும் சிற்றாறு கிழக்கே ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. முக்கூடல் எனப்பட்ட அந்த இடத்துக்கு இன்னொரு நகைச்சுவை நாடகம் உண்டு, ‘முக்கூடற் பள்ளு’. ஒரே குடும்பனின் இரண்டு மனைவியர், மூத்தவள் முக்கூடற்காரி, இளையவள் மருதூர்க்காரி. ஒருத்தி ஆசூர் வடகரை நாட்டின் பெருமை பேச, மற்றவள் சீவலமங்கைத் தென்கரை நாட்டை உயர்த்துகிறாள். ஆற்றின் இரு கரைகள் இரண்டு தேசங்களாகின்றன. பிறகு ஒருத்தி திருமாலை ஏச, மற்றவள் சிவனை ஏசுகிறாள். ஏசி ஓய்ந்தபின் சமாதானம். நாட்டுப் பற்றும் மதப் பற்றும் சக்களத்திச் சண்டையின் அளவுக்குச் சுருங்கும்போது கிடைக்கும் தெளிவு பிரசங்கங்களில் கிடைப்பதில்லை.

குறவஞ்சி என்னும் நாடக வகை பிற ஊர்களுக்கும் போனது. தஞ்சையில் மராத்திய மன்னர் சரபோஜியைத் தலைவனாக்கிச் ‘சரபேந்திர பூபாலக் குறவஞ்சி’ வந்தது. வேதநாயக சாஸ்திரியார் ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் குறத்தியைக் கிறிஸ்தவத்துக்குள் அழைத்துச் சென்றார். தலைவன் மாறலாம், மதம் மாறலாம். ஊர் ஊராய்ப் போய்வந்த அந்தப் பெண் இல்லாமல் நாடகம் இல்லை.

நாடகத்துக்கு வெளியே நடந்தது வேறு. 1871இல் வடஇந்தியாவில் தொடங்கிய குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அலைந்து திரிவதே சந்தேகத்துக்குரியதாக்கப்பட்டது. குறவர் பலர் கைரேகை பதித்து, காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டியிருந்தது. சென்னையில் அச்சட்டம் நீக்கப்பட்டது 1947இல். இடையில், 1944இல், ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரா தன் முதல் நாட்டிய நாடகமாக எடுத்தது இதே குற்றாலக் குறவஞ்சியை. மேடையில் சிங்கி எல்லா நாடுகளையும் அணிந்து ஆடிக்கொண்டிருந்த ஆண்டில், அவள் குலத்துப் பெண்களின் நடமாட்டம் காவல்துறைக் கண்காணிப்பில் இருந்தது. அந்த நாடகத்தின் அழகை நான் மறுக்கவில்லை. இரண்டையும் ஒரே ஆண்டில் வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

சிங்கி பீலி வாங்கிய கண்டிச் சீமையிலும் 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. குற்றாலத்துக்குப் பக்கத்துச் செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில்தான் இருந்தது. காயங்குளத்துச் சவடி அந்த எல்லைக்கோட்டை அறியாமல் கணவாய் தாண்டி வந்தது.

நாடகத்தின் குறை எனக்குத் தெரியாமல் இல்லை. குறத்தியின் பெருமிதம் புலவர் எழுதிக் கொடுத்தது. சிங்கனின் வேட்கையையும் வெகுளித்தனத்தையும் கேலியாக்குவதில் அவருக்குத் தயக்கமும் இல்லை. கரகாட்ட மேடைகளில் குறவன்–குறத்தி ஆட்டம் கொச்சைப் பேச்சாகவும் ஓர் இனத்தின் மீதான இழிவாகவும் தேய்ந்தபோது, அந்தக் கேலியின் ஒரு இழை அதில் ஓடத்தான் செய்தது. குறவர் சமூகத்தார் எதிர்த்தார்கள், 2023இல் தமிழக அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை விதித்தது. தடை சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் கவிராயரின் சிங்கி அந்தத் தடையோடு சேர்ந்து மறைந்துவிடக் கூடாது. அவளிடம் எல்லோரும் கேள்வி கேட்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் கடைசிச் சொல் அவளுடையதுதான்.

சாரல் விழா நாட்களில் குற்றாலத்தில் மேடை போடுகிறார்கள். அங்கே ஒரு மாலை இந்த நாடகம் முழுதாக நடக்க வேண்டும். சிங்கியாக வருபவள் குறவர் வீட்டுப் பெண்ணாக இருக்க வேண்டும். எந்த வரியை வைப்பது, எதை வெட்டுவது என்று முடிவு செய்பவளும் அவளே. மலைகளைச் சொல்லும் பாட்டை அவள் திரிகூடமலையைப் பார்த்து நின்று பாடட்டும்.