ஜொகூரின் பணமும் மற்றவர்களின் கடனும்

2014 முதல் 2024-25 வரை மலேசிய சூப்பர் லீக் பட்டம் ஜொகூர் டாருல் தாக்சிமை, நம் பேச்சு வழக்கில் ஜேடிதியை, விட்டு விலகவே இல்லை. தொடர்ந்து பதினொரு பருவங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தப் பேச்சு எழுந்தால், அரண்மனைப் பணம் லீக்கைக் கெடுத்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். சிலாங்கூர் ரசிகர்களின் ஆற்றாமை எனக்குப் புரிகிறது. 33 முறை மலேசியக் கிண்ணத்தை வென்ற குழு அதைக் கடைசியாகத் தூக்கியது 2015இல். கடைசி லீக் பட்டம் 2010இல். ஆனாலும் அந்தக் குற்றச்சாட்டு பாதி உண்மைதான்.

ஜொகூர் பட்டத்து இளவரசர் துங்கு இஸ்மாயில் 2012இல் ஜொகூர் காற்பந்துச் சங்கத்தின் தலைமைக்கு வந்ததும், முதலில் பணம் புகழ்பெற்ற வெளிநாட்டுப் பெயர்களுக்குப் போனது. டேனி குய்சா வந்தார், பாப்லோ ஐமார் வந்தார். ஐமார் காயத்தோடு சில ஆட்டங்களிலேயே கிளம்பிவிட்டார். பிறகு செலவின் போக்கு மாறியது. 2015இல் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசியக் குழுவானது ஜேடிதி. 2020இல் 40,000 பேர் அமரக்கூடிய சுல்தான் இப்ராஹிம் அரங்கு திறந்தது. நிலைத்து நிற்கும் சொத்தாக மாறிய பணத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் குறை சொல்வது வேறொன்றை. 2017 மார்ச்சில் துங்கு இஸ்மாயிலே மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் தலைவரானார், ஓராண்டில் விலகினார். போட்டியிடும் குழுவின் தலைவர் அந்த விளையாட்டின் தேசியத் தலைமையிலும் அமர்வதை விதிகள் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். சம்பளப் பாக்கியால் மலாக்கா யுனைடெட்டுக்கும் சரவாக் யுனைடெட்டுக்கும் 2023 பருவத்துக்கான உரிமம் கிடைக்கவில்லை. 2025-26க்குக் கெடா உரிமத்தை இழந்தது. பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் விலகின. இவற்றில் பலவும் மாநில அரசின் தயவிலேயே பல்லாண்டு ஓடியவை. ஆட்சி மாறினாலோ ஆதரவாளர் கைவிட்டாலோ வருமானமே இல்லை. ஜேடிதியை எட்டிப் பிடிக்கத்தான் தகுதிக்கு மீறிச் சம்பளம் பேசினார்கள் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் கொடுக்க முடியாத சம்பளத்துக்குக் கையெழுத்திட்டவர்கள் ஜொகூரில் இல்லை. அந்தக் கையெழுத்தை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாமல் நின்றவர்கள் ஆட்டக்காரர்கள்.

நமக்கு மிக நெருக்கமான இழப்பு பெட்டாலிங் ஜெயா சிட்டி. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் குழுவாகக் கீழ்ப்பிரிவில் தொடங்கி, 2019இல் புதிய பெயரோடு சூப்பர் லீக்கில் ஏறியது. பயிற்றுநர்களாக கே. தேவனும் பின்னர் பி. மணியமும் இருந்தார்கள். 2022இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாமலேயே உயர் பிரிவில் விளையாடியது. அந்தப் பருவத்தோடு லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது. நம் பையன்கள் உயர் பிரிவுக்கு ஏற ஒரு படி அங்கே இருந்தது. அது போனதைப் பற்றி நம் சமூகம் இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். தனியார் உடைமை என்றாலே நிலைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் இந்தக் கதை இடம் தரவில்லை.

உடைமை விதியை மாற்றினால் போதுமா? ஜெர்மனியில் குழுவின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அங்கேயும் 2013 முதல் 2023 வரை பயர்ன் மியூனிக்தான் சாம்பியன், அதுவும் பதினொன்று. இங்கிலாந்தில் 2003இல் செல்சியை அப்ரமோவிச் வாங்கினார், 2008இல் மான்செஸ்டர் சிட்டியை அபுதாபி வாங்கியது. இருந்தும் 2016இல் லெஸ்டர் வென்றது. அதற்கும் தாய்லாந்து முதலாளி ஒருவர் இருந்தார் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அங்கே உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் பாதி எல்லாக் குழுக்களுக்கும் சமமாகப் போகிறது. கடைசி இடத்தில் இருப்பவரும் சம்பளம் கொடுக்கலாம். இங்கே 2018இல் டெலிகோம் மலேசியாவோடு எட்டாண்டுகளுக்கு 48 கோடி ரிங்கிட் என்று போட்ட ஒப்பந்தம் அடுத்த ஆண்டே முறிந்தது.

2021 நவம்பர் 30 அன்று புக்கிட் ஜாலிலில் கோலாலம்பூர் சிட்டி 2-0 என்று ஜேடிதியை வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தை வென்றதைச் சிலர் பண ஆதிக்கத்துக்கு மறுப்புச் சான்றாகக் காட்டுவார்கள். ஓர் இரவு ஆட்டத்தில் அது நடக்கும். மாதக்கணக்கில் நீளும் லீக்கில் ஆழமான ஆட்டக்காரர் பட்டியலும் தேதி தவறாத சம்பளமுமே முடிவு செய்கின்றன.

ஆகவே என் தீர்ப்பு: ஜேடிதியின் செலவுக்கு உச்சவரம்பு போடுவது இரண்டாவது வேலை. முதல் வேலை, ஒரு பருவத்துக்கான முழுச் சம்பளத்துக்கும் வங்கி உத்தரவாதம் காட்டாத குழுவுக்கு உரிமம் தரக் கூடாது. குழு உரிமையாளர் எவரும் தேசியச் சங்கப் பதவியில் அமரக் கூடாது. ஒளிபரப்பு வருமானத்தில் பெரும்பங்கு சமமாகப் பிரிய வேண்டும். இதனால் லீக் எட்டுக் குழுக்களாகச் சுருங்கினாலும் பரவாயில்லை. பதின்மூன்று குழுக்களில் பாதி சம்பளம் தர முடியாமல் தவிப்பதைவிட, மாதம் தவறாமல் கொடுக்கும் எட்டுக் குழுக்களின் ஆட்டத்தைப் பார்க்க நான் சீட்டு வாங்குவேன்.