முறையீடும் இறையாண்மையும்: வளைகுடாத் தமிழ்க் கிறித்தவ வாசிப்பில் யோபு

சவூதி அரேபியாவின் கிழக்கு மாகாணத் தலைநகரான தம்மாமை ஒட்டிய தஹ்ரானில், 1938ஆம் ஆண்டு மார்ச்சில், 'தம்மாம் ஏழாம் எண்' என்னும் கிணறு வணிக அளவில் எண்ணெய் தந்தது. பிற்காலத்தில் அக்கடற்கரைக்கு உழைக்கச் சென்ற தமிழருள் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிறித்தவர்களும் உளர். அந்நாட்டில் தேவாலயம் இல்லை. பிற சமயத்தாரின் பொது வழிபாட்டுக்கும் இசைவு இல்லை. எனவே ஊரில் கோயில் மணி, பலிபீடம், திருவிழா, பிரசங்கம் எனப் பல வடிவில் வாழ்ந்த சமயம், அங்கே தங்கும் அறைக்குள் படிக்கப்படும் நூலாகச் சுருங்குகிறது. சுருங்குகிறது என்பதைவிட, நூலின் பொறுப்பு கூடுகிறது என்பது பொருந்தும். துன்பத்தில் ஆறுதல் தேடும் கிறித்தவர் முதலில் புரட்டும் நூல்களுள் ஒன்று யோபு. அந்நூலைத் தமிழர் எந்த மரபின் வழி வாசித்து வந்துள்ளனர் என்பதும், அவ்வாசிப்பு கடல் கடந்த கூலியாளிடம் என்ன செய்கிறது என்பதும் இக்கட்டுரையின் வினா.

தமிழ்க் கிறித்தவர் நாவில் யோபு என்றாலே பொறுமை. இத்தொடர்புக்கு ஆதாரம் யாக்கோபு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம், பதினொன்றாம் வசனம். ஆயின் நாற்பத்திரண்டு அதிகாரம் கொண்ட நூலில் பொறுமையுள்ள யோபு நமக்குக் கிடைப்பது முதல் இரண்டு அதிகாரங்களிலும் இறுதிப் பகுதியிலும் மட்டுமே. கொடுத்தவரே எடுத்தார் என்று பணிந்து கூறும் அந்த யோபு மூன்றாம் அதிகாரத்தில் வாய் திறந்ததும் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அங்கிருந்து முப்பத்தொன்றாம் அதிகாரம் முடிய அவர் செய்வது வழக்கு. கடவுளின் இருப்பிடத்தைக் கண்டால் அங்கே சென்று தம் நியாயத்தை வரிசையாக எடுத்துரைப்பேன் என்கிறார் (23:3-4). இருவருக்கும் நடுவே கைவைத்துத் தீர்க்கும் நடுவர் இல்லையே என்று வருந்துகிறார் (9:33). கடவுளுக்காகப் பொய் பேசுகிறீர்களோ என்று நண்பர்களைக் கடிந்து கேட்கிறார் (13:7). மரபில் நின்ற 'பொறுமை' இப்பெரும் பகுதியை முழுவதும் விழுங்கிவிட்டது.

யாக்கோபின் அதே அதிகாரத்தை நான்காம் வசனத்திலிருந்து படிப்பவர் வேறொன்றைக் காண்பார். வயல் அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது. அறுத்தவர்களின் கூக்குரல் ஆண்டவரின் செவியை எட்டியிருக்கிறது என்கிறார் திருமுக ஆசிரியர். யோபுவின் பொறுமையை அவர் நினைவூட்டுவது இதன் பின்னரே. ஆக, அங்கே பொறுமை கேட்கப்படுவது கூக்குரல் எழுந்தபின். அது கேட்கப்பட்டுவிட்டது என்ற உறுதியின் மேல். நான்காம் வசனத்தை விட்டுப் பதினொன்றாம் வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் யாரிடம் தொடங்கியதோ, அதனால் நன்மை அடைந்தவர் கூலி பெறவேண்டியவர் அல்லர்.

தம்மாமில் படிக்கும்போது யோபு நூலின் நில அமைப்பும் அண்மையாகிறது. தம் நண்பர்களை வெயிலில் வற்றிப்போகும் காட்டாற்றுக்கு ஒப்பிடும் யோபு, அதை நம்பி வந்து ஏமாறும் தேமாவின் வணிகக் கூட்டத்தைச் சொல்கிறார் (6:15-20). தேமா இன்றைய சவூதி அரேபியாவின் வடமேற்கிலுள்ள தைமா. ஓமானின் சலாலாவை அடுத்த மலையில் அய்யூப் நபியின் அடக்கத்தலம் என மரபு போற்றும் இடம் உண்டு. ஒரே அறையில் தங்கும் தமிழ் முசுலிம் தோழரும் அவரைப் பொறுமையின் உருவாகவே அறிவார். இவற்றினும் முக்கியமானது ஏழாம் அதிகாரத் தொடக்கம். மனித வாழ்வு கூலிக்காரனின் நாள்களைப் போன்றது என்றும், நிழலுக்கு ஏங்கும் அடிமையையும் கூலியை எதிர்பார்க்கும் வேலையாளையும் போலத் தாம் காத்திருப்பதாகவும் யோபு கூறுகிறார். இருபத்துநான்காம் அதிகாரத்தில் பசியோடு அரிக்கட்டு சுமப்பவரும், தாகத்தோடு ஆலை மிதிப்பவரும் வருகின்றனர். எல்லாம் இழந்த செல்வர் தம் துன்பத்திற்கு உவமை தேடும்போது கூலியாளிடம் வந்து நிற்கிறார் என்பதைத் தமிழ் உரைகள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

இனிச் சொல் ஆராய்ச்சி சிறிது வேண்டும். கடவுளின் முற்றதிகாரத்தைக் குறிக்க இன்று வழங்கும் 'இறையாண்மை' அரசியல் அறிவியலும் இறையியலும் பகிர்ந்துகொள்ளும் சொல். அதன் முதனிலையாகிய 'இறை' கடவுளையும் அரசனையும் அவன் கொள்ளும் வரியையும் ஒருங்கே குறிக்கும். குறளில் 'ஊழ்' முப்பத்தெட்டாம் அதிகாரம். 'இறைமாட்சி' முப்பத்தொன்பதாம் அதிகாரம். அறத்துப்பாலின் கடைசி வாயிலும் பொருட்பாலின் முதல் வாயிலும் இப்படி அடுத்தடுத்து அமைந்தது தற்செயலாயினும், பயன் மிக்கது. ஊழை எதிர்த்து வழக்குரைக்க இயலாது; அதற்குச் செவி இல்லை. இறைக்குச் செவி உண்டு. முறை செய்து காக்கும் மன்னன் மக்களுக்கு இறை எனக் கருதப்படுவான் என்று கூறிய வள்ளுவர், அடுத்த குறளிலேயே (389), கேட்கும் செவி கசக்கும் சொல்லையும் பொறுத்துக்கொள்ளும் பண்புடைய வேந்தனின் குடைக்கீழ் உலகு தங்கும் என்கிறார். இங்கே பொறுமை குடிமகனிடம் எதிர்பார்க்கப்படவில்லை, ஆள்பவனிடம் எதிர்பார்க்கப்படுகிறது. 'முறையீடு' என்னும் சொல்லே இவ்வரசியலில் பிறந்தது. முறை ஒன்று உண்டு, அதைச் செய்யக் கடமைப்பட்டவன் ஒருவன் உண்டு என்று நம்பாதவன் முறையிடமாட்டான். பாண்டியன் அவையில் கண்ணகி நின்றது அரசு என்ற ஒன்றை அவள் மறுத்ததால் அன்று.

யோபு நூலைத் தமிழில் படிப்பதற்குரிய திறவுகோல் இவ்விரு குறட்பாக்களுள் உள்ளது என்பது இக்கட்டுரையின் துணிபு. நூலில் உண்மையில் பொறுத்துக்கொள்பவர் கடவுள். இருபத்தொன்பது அதிகாரம் செவி கசக்கக் கேட்டவர், முடிவில் தம் தரப்பில் நின்று பேசிய எலிப்பாசையும் அவன் தோழர் இருவரையும் நோக்கி, என் ஊழியன் யோபுவைப்போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று தீர்ப்பளிக்கிறார் (42:7). அவர்கள் பேசியவை பெரும்பாலும் பக்தியுள்ள சொற்கள். 'எல்லாம் அவர் சித்தம்' என்று சுருக்கிவிடக்கூடிய சொற்கள். அத்தொடரில் 'சித்தம்' என்பது ஓசையால் கிறித்தவம், பொருளால் ஊழ்.

தமிழ்நாட்டுக் கிறித்தவ வரலாற்றில் யோபு கதை ஓர் உயிரின் போக்கையே மாற்றிய இடம் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்டபிள்ளை, கால்நடை முதலியவற்றை இழந்து மனம் தளர்ந்தபோது, டச்சுப் படைத்தலைவர் டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைக் கூறினார் என்பது கத்தோலிக்க மரபு. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 'கடவுள் துணை' எனப் பொருள்படும் லாசர் என்ற பெயரின் தமிழாக்கமாகத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். இக்கதையில் கேட்டவரைப் பற்றியே நாம் பேசுகிறோம், சொன்னவரும் கருதத்தக்கவர். 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டி லனாய், தம்மை வென்ற மார்த்தாண்ட வர்மரின் படையைப் பயிற்றும் பணியிலிருந்தே யோபுவைச் சொல்கிறார். ஊர் திரும்பாமல் உதயகிரிக் கோட்டையிலேயே அடக்கமானவர் அவர். அயல் அரசனின் சித்தத்துக்கு உட்பட்டு வாழ்ந்த ஒருவன் அடுத்தவனுக்குச் சொன்ன யோபு என்பதால், வளைகுடா வாசகருக்கு இந்தக் காட்சி மலையுச்சிக் காட்சியினும் நெருக்கமானது.

தென் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் தேவசகாயம் கதை நாடகமாகவும் கூத்தாகவும் ஆடப்பட்டுள்ளது. அவ்வடிவங்களில் வேதனையைச் சகிப்பவர் விரிவாக வருகிறார். வழக்காடும் யோபுவைக் கேட்டவர் அரிதாகவே வருகிறார். டி லனாய் இழப்பையும் மீட்பையும் மட்டும் சொன்னாரா, இடைப்பட்ட அதிகாரங்களையும் சொன்னாரா என்பதை மரபு நினைவில் வைக்கவில்லை. கதை சொல்லும் எவரும் இடைப்பகுதியை விடுவது இயல்பே. ஆனால் பெயரிலேயே துணையைத் தாங்கியவர் துணையின்றிச் சுடப்பட்டார் என்ற முரண், புனிதர் வரலாற்றின் வெற்றி முழக்கத்தில் மிக விரைவாகத் தீர்க்கப்பட்டுவிடுகிறது.

எனினும் தமிழ்க் கிறித்தவ இலக்கியம் முழுவதையும் இவ்வாறு குறைகூற இயலாது. வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) கடவுளின் ஏற்பாட்டையே பாடுபொருளாகக் கொண்ட காப்பியம். முப்பத்தாறு படலங்களில் 3615 பாடல்களால் வளனைப் பாடுவது. அதனுள்ளே கருணையன் தன் தாய் எலிசபெத்தைக் காட்டில் அடக்கம் செய்து புலம்பும் பகுதி, பள்ளிப் பாடநூல் வழியாக இன்று எல்லாச் சமயத் தமிழ் மாணவரும் அறிந்தது. கருணையன் திருமுழுக்கு யோவான்; பின்னாளில் இறைவாக்கினன். அவனும் கொய்த மலர்போல வாடுகிறான், தனிமையில் திகைக்கிறான், சோலையும் பறவையும் உடன் அழுகின்றன. முனிவர் இங்கே அவசரப்பட்டு மறுமையின் ஆறுதலைக் கூறி அவன் வாயை அடைக்கவில்லை. சங்கக் கையறுநிலையின் மரபறிந்த புலவராகையால், அழுகைக்கு உரிய இடத்தை விட்டுவிடுகிறார். இத்தாலியில் பிறந்த துறவியின் இறையியலுக்குத் தமிழ் இலக்கணம் செய்த உதவி இது என்றால் மிகையன்று. யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் பெயரில் வழங்கும் வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இராகமிட்டு ஓதும் ஈழத்துக் கத்தோலிக்க மரபும் இப்பக்கத்தைச் சேர்ந்தது. அங்கே அழுகை நம்பிக்கையின் குறைபாடாக அன்றி வழிபாடாகவே நடைபெறுகிறது.

இதற்கு எழக்கூடிய வலுவான தடை யோபு நூலின் உள்ளிருந்தே வருவது. முப்பத்தெட்டாம் அதிகாரம் முதல் சுழற்காற்றிலிருந்து பேசும் கடவுள், யோபுவின் வினாவுக்கு விடை தரவில்லை, வினாக்களையே அடுக்குகிறார். வழக்காடியவன் வாயைக் கையால் பொத்திக்கொள்கிறான். முறையீடு அங்கே அடக்கப்படவில்லையா? இத்தடையை எளிதில் கடக்க முடியாது. கடந்துவிட்டதாகச் சொல்லும் உரைகளை ஐயத்தோடுதான் அணுகவேண்டும். ஆயினும் இரண்டு குறிப்புகள் உள. அவ்வுரையில் யோபு பாவம் செய்ததால் துன்புற்றான் என்ற நண்பர்களின் குற்றச்சாட்டு ஓரிடத்தும் இல்லை. மேலும், மனிதர் குடியிராத பாலையில் மழை பெய்விப்பவர் யார் என்றொரு வினா அங்கு உண்டு (38:26). மனிதனின் தகுதியையோ பயனையோ அளவாகக் கொள்ளாத ஆட்சி அது. துன்பம் கணக்குத் தீர்ப்பு என்ற கொள்கைக்கு அதில் இடமில்லை. விடை கிடைக்காத யோபு, கேட்கப்பட்டவனாக எழுகிறான்.

இறையாண்மையைப் பொய்யாக உரிமை கொண்டாடுபவரை அடையாளம் காண்பதும் இவ்வாசிப்பின் ஒரு பகுதி. சவூதிப் பாலைநிலத்தைக் களமாகக் கொண்ட பென்யாமினின் மலையாள நாவல் ஆடுஜீவிதம் (2008) தமிழிலும் வந்துள்ளது. அதன் நாயகன் நஜீப் முசுலிம், ஆசிரியர் கிறித்தவர். ஆட்டுக் கிடையில் அடிமைப்பட்ட நஜீப் அல்லாவிடம் இடைவிடாது பேசுகிறான். தன் எசமானை 'அர்பாப்' என்றழைத்து அஞ்சுகிறான். இறுதியில் சிறையில் ஆள் அடையாளம் காண வரும் அர்பாப், இவன் என் விசாவில் வந்தவன் அல்லன் என்று கூறிச் செல்லும்போதுதான், இத்தனை காலம் தன்னை ஆண்டவனுக்குச் சட்டப்படி ஓர் உரிமையும் இல்லை என்பதை அவன் உணர்கிறான். தன் நிலையை இறைவனின் விதிப்பு என்று ஏற்றது ஒன்று. அர்பாப்பின் அதிகாரத்தை ஏற்றது வேறு. நஜீப் முன்னதை விடாமலே பின்னதிலிருந்து தப்பி ஓடினான் என்பதில்தான் அந்நாவலின் சமய உணர்வு நுட்பமாகிறது.

இதனால் தம்மாமில் யோபு வாசிப்பு வெறும் இலக்கியச் சுவை பற்றியதாக இல்லை. நிறுத்திவைத்த ஊதியமும், வேலையளிப்பவர் வாங்கிவைத்துக்கொண்ட கடவுச்சீட்டும், இக்காமாவைப் புதுப்பிக்காமல் விட்டதால் ஏற்படும் சிக்கலும் கஃபீல் முறையின் கீழ் வாழ்ந்தோர் நன்கறிந்தவை. 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சீர்திருத்தம் தனியார் துறையினர்க்கு வேலை மாறும் வழியை ஓரளவு திறந்தது. வீட்டுப் பணியாளரை அது சேர்க்கவில்லை. அத்தகைய ஒருவரிடம், எல்லாம் அவர் சித்தம், பொறுத்திரு என்று சக விசுவாசி கூறும்போது, கடவுளின் சித்தத்தோடு கஃபீலின் சித்தமும் ஒரே போர்வைக்குள் ஏறிவிடுகிறது. தொழிலாளர் நீதிமன்றத்துக்கு மனு எழுதுவது விசுவாசக் குறைவாகத் தோன்றத் தொடங்கும். எலிப்பாசு செய்ததும் இதுவே. அவனும் ஆறுதல் கூறவே வந்தவன்.

யோபு தம் வழக்கின் இறுதியில் எடுக்கும் சூளுரைகளுள் ஒன்று வேலையாட்களைப் பற்றியது (31:13-15). என் பணியாளோ பணிப்பெண்ணோ என்மேல் வழக்குரைத்தபோது அவர்கள் நியாயத்தை நான் தள்ளியிருந்தால், கடவுள் எழும்பும்போது என்ன செய்வேன் என்கிறார். என்னைக் கருவில் உருவாக்கியவரே அவர்களையும் உருவாக்கினார் என்கிறார். பணியாட்கள் தம்மோடு செய்யும் வழக்குக்கு எபிரேய மூலத்தில் வரும் சொல் 'ரீப்'. யோபு கடவுளோடு செய்யும் வழக்கைக் குறிக்க ஒன்பதாம், இருபத்துமூன்றாம் அதிகாரங்களில் வருவதும் அதே வேர்ச்சொல்தான்.